எருக்கு விழுந்த சீட்டு

திருப்பதிக்குப் போகிற பஸ் பூதலப்பட்டைத் தாண்டுவதற்குள் எனக்கு மூன்று போன் வந்துவிடும். மூன்றும் செடியைப் பற்றித்தான்.

"அபிகாயில், எங்க அம்மா செடியில இலையெல்லாம் ஓட்ட ஓட்டையா கீதே, இன்னா பண்றது?"

"அபி, எங்க மாமனாருக்கு வில்வம் விழுந்துச்சே, அத மாத்திக் குடுத்துடேன். அது சிவன் கோயில் மரமாமே."

"ஏம்மா, அந்த நொச்சிப் பொதருல பாம்பு கீதுன்னு வாட்ச்மேன் சொல்லிக்கினு கீறான். பண்டிகைக்கு வர்ற ஜனம் இன்னா ஆவறது?"

நான் திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். ஒன்பதரைக்கு முதல் வகுப்பு. சந்திரகிரி வருவதற்குள் இவர்களுக்குப் பதில் சொல்லியே தொண்டை கட்டிப்போகும். வகுப்பில் ஒளிச்சேர்க்கை நடத்தும்போது பிள்ளைகள் "மேடம், வாய்ஸ் ராலேது" என்பார்கள். குரல் எப்படி வரும்? அதுதான் பஸ்ஸிலேயே தீர்ந்துவிடுகிறதே.

யாரையும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. இந்தத் தலைவலியை விலை கொடுத்து வாங்கியவள் நானேதான்.

சித்தூரில் எங்கள் சபை மிஷனரிகள் காலத்திலிருந்து இருக்கிறது. கோயிலுக்குப் பின்னால் அரை ஏக்கர் நிலம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. போன வருஷம் அதை வெட்டிச் சுத்தம் செய்ததும் கமிட்டி செக்ரெட்டரி ஜோஷுவா அண்ணன் ஒரு வரைபடத்தோடு வந்தார். கலெக்டர் ஆபீஸில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார். நடுவில் பேவர் பிளாக், சுற்றிலும் கொரியன் புல், ஓரத்தில் பன்னிரண்டு ராயல் பாம். கல்யாண ரிசப்ஷனுக்கு அம்சமாக இருக்குமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கொரியன் புல்லை எந்தப் பூச்சிண்ணா தின்னும்? ராயல் பாம்ல எந்தக் குருவி கூடு கட்டும்? நம்ம மண்ணுல முளைக்கிறத வெச்சா பட்டாம்பூச்சியும் குருவியும் தானா வரும். ஒரு வருஷம் குடுங்க, காட்டுறேன்" என்று கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நவம்பர் கடைசி ஞாயிறு வரை என்று தீர்மானம் எழுதினார்கள். அதற்குள் பட்டாம்பூச்சி வரவில்லை என்றால் பேவர் பிளாக்.

அரை ஏக்கருக்கு ஆள் வேண்டும், தண்ணீர் ஊற்றக் கை வேண்டும். சபையாரை எப்படி இழுப்பது என்று யோசித்தேன். எங்கள் கோயிலில் பெயர் இல்லாத பொருளே கிடையாது. பெஞ்சில் பெயர், பீடத்து விரிப்பில் பெயர், மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் மூன்று பெயர். எல்லாம் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தவர்களின் நினைவாக. மழைக்கு ஒழுகுகிற இடத்தில் வைக்கிற பக்கெட்டுக்கு மட்டும்தான் இன்னும் யாரும் பெயர் எழுதவில்லை. அந்தப் பழக்கத்தை வைத்தே காரியம் சாதிக்கலாம் என்று பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஒரு செடி, செடியடியில் அவர்கள் வீட்டில் மறைந்தவர் பெயரோடு சின்னப் பளிங்குப் பலகை. அறிவித்த இரண்டே வாரத்தில் அறுபத்திரண்டு குடும்பம் பெயர் கொடுத்தது.

யாருக்கு எந்தச் செடி என்பதில் அடிதடி வரக்கூடாதே என்று, குடும்பக் கணக்குக்கு இரண்டு கூடுதலாகவே சீட்டு எழுதினேன். அந்தச் சீட்டுகளை வெள்ளித் தட்டில் போட்டேன். நான் செய்த தப்பு அந்தத் தட்டுதான். ஒரு பழைய பிஸ்கெட் டப்பாவில் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வருஷப் பிறப்பு ஆராதனையில் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். பீடத்துக்கு முன்னால் அந்த வெள்ளித் தட்டு இருக்கும். ஒவ்வொருவராய் வந்து கண்ணை மூடி ஓர் அட்டை எடுப்பார்கள். அதில் இருக்கிற வசனம் அந்த வருஷம் கர்த்தர் அவர்களுக்கென்று சொன்னது. வீட்டில் சாமி அறைக்குப் பதில் ஷோகேஸ் கண்ணாடியில் அதை ஒட்டிவைத்து வருஷம் முழுக்கப் பார்ப்பார்கள். அதற்கடுத்த ஞாயிறுதான் நான் அதே தட்டில் என் சீட்டுகளைப் போட்டு அதே இடத்தில் வைத்தேன். ஜனம் அதே மாதிரி கண்ணை மூடி எடுத்தது. தன் அம்மாவுக்கு நெல்லி விழுந்த ஒருத்தி அங்கேயே அழுதுவிட்டாள். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, நெல்லிக்காய்ச் சாறுதான் குடித்துக்கொண்டிருந்தாளாம், கர்த்தருக்கு அதுகூட ஞாபகம் இருக்கிறதே என்று.

எருக்கு என்று மூன்று சீட்டு எழுதியிருந்தேன். தாவரவியல் படித்தவளுக்கு எருக்கைப் பார்த்தால் பட்டாம்பூச்சிதான் தெரியும். 'உன் வூட்டுல எருக்கு மொளைக்க' என்று நம் ஊரில் சாபம் விடுவார்கள் என்பது எழுதும்போது புத்தியில் உறைக்கவே இல்லை. முதல் எருக்கு ஆசிர் அண்ணன் கையில் போய்ச் சேர்ந்தது. மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் சூப்பர்வைசர், பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர். பிரித்துப் பார்த்தார், மடித்தார், திரும்பத் தட்டில் போட்டு வேறொன்று எடுத்தார். புங்கம் வந்தது. நான் பார்க்காத மாதிரி கூரையைப் பார்த்தேன். இரண்டாவது எருக்கையும் யாரோ அப்படித்தான் திரும்பப் போட்டார்கள்.

ஞானசௌந்தரி அக்கா திரும்பப் போடவில்லை. சீட்டைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு அதை நாலாய் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கடைசியில் தட்டில் மிஞ்சிய இரண்டு எருக்கை நான் பேசாமல் எடுத்து ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டேன்.

அவள் வீட்டுக்காரர் ஞானசிங் செத்து அப்போது எட்டு மாதம். சபையில் அவரைப் பிடித்தவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. பொதுக்கூட்டத்தில் எழுந்தால் உட்கார மாட்டார். பாஸ்டர் பிரசங்கம் நீண்டால் வாட்சைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்ப்பார். ஒருமுறை கோபித்துக்கொண்டு குடிபாலா பக்கம் கைதட்டிப் பாடுகிற சபைக்கு இரண்டு வருஷம் போய்விட்டுத் திரும்பி வந்தார். கல்லறையில் இடம் வேண்டுமே, அதற்குத்தான் வந்தார் என்று பேசிக்கொண்டார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் திடீரென்று போய்விட்டார். பாஸ்டர் ஜெபம் பண்ணப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்படிப்பட்டவருக்கு எருக்கு விழுந்தது என்றதும் கோயில் வாசலில் நின்று சிலர் சிரித்தது என் காதிலும் விழுந்தது.

ஜூன் கடைசியில் முதல் மழை பெய்ததும் நட்டோம். வெயில் படுகிற பக்கம் எருக்கும் ஆவாரையும், சுவரோரம் நொச்சி, ஆதண்டைக் கொடி, நடுவில் மரங்கள், கீழே தும்பையும் நாயுருவியும். பட்டாம்பூச்சி வந்து ஈரம் உறிஞ்ச ஒரு சின்னக் குழி வெட்டி மணல் போட்டேன். கொசு வரும் என்று வாட்ச்மேன் மூடிவிட்டான். வண்டுகளுக்காக மூலையில் உளுத்த கட்டை ஒன்று போட்டேன். கிறிஸ்தவ அன்போடு யாரோ அடுப்புக்கு எடுத்துப் போனார்கள். தும்பையைக் களை என்று மூன்று தரம் பிடுங்கினார்கள், மூன்று தரமும் நான் நட்டேன்.

இவையெல்லாம் சின்னத் தொல்லை. பெரிய தொல்லை மருந்து. ஒரு இலையில் ஒரு ஓட்டை விழக்கூடாது, விழுந்தால் அம்மாவுக்கே யாரோ ஊசி குத்திவிட்ட மாதிரி பதறிப்போனார்கள். ஆளுக்கொரு ஸ்பிரேயர் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வெள்ளைச் சட்டையும் பட்டுச் சேலையுமாகப் போய் அவரவர் செடிக்கு மருந்தடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். "புழு திங்கத்தான் செடியே வெச்சோம். புழுதான் பட்டாம்பூச்சி ஆவுது" என்று எத்தனை தரம் சொல்வது? தலையாட்டுவார்கள். "கரெக்டும்மா. மத்தவங்க செடியத் துன்னட்டும்" என்பார்கள். அறுபத்திரண்டு குடும்பமும் மற்றவர்கள் செடியைத்தான் சொன்னது. நவம்பர் பிறந்தது, தோட்டம் பச்சைப்பசேல் என்று மருந்து வாடையோடு நின்றது. ஒரு பட்டாம்பூச்சி இல்லை. எனக்கு அழுகை அழுகையாய் வந்தது.

எல்லாரையும்விடச் சுத்தமாக வைத்திருந்தவள் சௌந்தரி அக்காதான். இடுப்புயரத்துக்கு வளர்ந்த எருக்கின் ஒவ்வோர் இலையையும் ஈரத் துணியால் துடைப்பாள். எருக்கிலைக்குத் தூசி துடைத்த ஆளை நான் அங்கேதான் பார்த்தேன். ஒரு சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்த களைப்போடு, எப்படியாவது ஒருத்தியையாவது வழிக்குக் கொண்டுவருவது என்று அவளிடம் போனேன்.

"அக்கா, இன்னும் மூணு வாரம்தான் இருக்குது. நீங்களாவது மருந்தடிக்காம வுடுங்க. இலைக்கு அடியில பாருங்க, எப்பவோ ஒண்ணு வந்து முட்ட வெச்சிட்டுப் போயிருக்குது."

"எம் புருஷன் உசுரோட இருக்கும்போது எல்லாரும் அவரத் துன்னாங்க. செத்தும் துன்னணுமா?"

"ஆடு மாடு எதுவும் கிட்ட வராத செடிக்கா இது. இந்தப் பாலு வெஷம். ஆனா இந்தப் புழுவுக்கு இந்த மாதிரி செடிய வுட்டா வேற எதுவும் ஆவாது. பட்டினி கெடந்து செத்தாலும் சாவும், ரோஜாவ வெச்சாலும் துன்னாது. இத நம்பித்தான் வருது."

அவள் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"இத நம்பியா?"

"இத மட்டும்தான் நம்பி."

"எத்தினி நாளு வுடணும்?"

அன்றிலிருந்து அவள் ஸ்பிரேயரைத் தொடவில்லை. புழு பொரிந்தது. கறுப்பும் வெள்ளையும் மஞ்சளும் வளையம் வளையமாய், சுறுசுறுப்பாய், வெட்கமில்லாமல் தின்றது. நான் தினமும் பஸ் இறங்கியதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். சந்தோஷம் தாங்கவில்லை. என் கணக்கில் ஒரே ஒரு பிழை இருந்தது. முதலில் போட்ட முட்டைகளை அவள் மருந்து கொன்றுவிட்டிருந்ததால் எல்லாம் தாமதம். நவம்பர் கடைசி ஞாயிறு வந்தபோது புழுக்கள் கொழுத்துக் கூடு கட்டத் தயாராக இருந்தன. பறக்க இன்னும் பத்து நாளாவது வேண்டும்.

ஆராதனை முடிந்து எல்லாரும் தோட்டத்துக்கு வந்தார்கள். ஜோஷுவா அண்ணன் கையில் ஃபைல். அவருக்கு ஆபீஸ் நினைப்பு வந்துவிட்டால் தெலுங்கும் கூடவே வந்துவிடும்.

"சீதாகோகசிலுக எக்கடம்மா?" என்றார். "பட்டாம்பூச்சி வரும்னு தீர்மானத்துல எழுதிக்கீது. ஒண்ணு காட்டு, போதும்."

"பத்து நாள் டயம் குடுங்கண்ணா. புழு இருக்குது, வந்து பாருங்க."

"புழு எங்க வூட்டுக் கத்திரிக்காயிலயும் கீது."

ஆனால் ஜனம் விடவில்லை. நெல்லிக்காரி முன்னால் வந்தாள். "பூச்சி வந்தா இன்னா, வராட்டி இன்னா? கர்த்தர் சீட்டுல குடுத்த செடி இது. எங்க அம்மா மேல கல்லு பதிப்பீங்களா?" என்றாள். ஆமாம் ஆமாம் என்று நாலு பக்கமும் குரல் எழுந்தது. தேவசித்தம் என்ற வார்த்தை வந்ததும் ஜோஷுவா அண்ணன் ஃபைலை மூடிவிட்டார். அவருடைய நைனாவுக்கும் சரக்கொன்றை விழுந்திருந்தது. எனக்கு நம்பவே முடியவில்லை. பட்டாம்பூச்சி காப்பாற்றாத தோட்டத்தை என் தவறு காப்பாற்றிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் செய்ய வேண்டியிருந்தது.

அப்போது கூட்டம் எருக்குப் பக்கம் வந்தது. அறுபத்தோரு செடி தழைத்து நிற்க, ஞானசிங் என்ற பெயருக்கு மேல் மொட்டைக் குச்சிகள் மட்டும் நின்றன. குச்சி முழுக்கப் புழு.

ஆசிர் அண்ணன் அந்த அடிக்குரலில் சிரித்தார். "ஞானசிங் அண்ணன் செடி வேற எப்படி இருக்கும்? கர்த்தர் பார்த்துத்தான் குடுத்துக்கீறார். பார்த்துத்தான் புழுவையும் அனுப்பிக்கீறார்."

சிலர் சிரித்தார்கள். சௌந்தரி அக்கா சிரித்தவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் கேட்டதற்காகத்தான் அவள் அந்தச் செடியை விட்டுக் கொடுத்திருந்தாள். ஒரு வருஷமாய் அடக்கி வைத்திருந்த எரிச்சலெல்லாம் எனக்கு ஒரேயடியாக உச்சந்தலைக்கு ஏறியது.

"கர்த்தர் குடுக்கல! நான் எழுதினேன். எங்க வூட்டு டைனிங் டேபிள்ல உக்காந்து, பழைய ஆன்சர் ஷீட்டக் கிழிச்சி, நான் எழுதின சீட்டு அது. நெல்லிக்கா, வில்வம், கொன்ற எல்லாம் என் கையெழுத்து. எருக்கு மூணு எழுதினேன். மொதல் எருக்கு உங்களுக்குத்தான் விழுந்துச்சி ஆசிர் அண்ணா. மடிச்சி திரும்பப் போட்டீங்களே, அப்ப கர்த்தர் எங்க போனாரு? இந்த அக்கா ஒருத்திதான் வந்தத வாங்கிக்கினு போனாங்க!"

ஆசிர் அண்ணன் முகம் கறுத்தது. அதைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது, ஒரு நிமிஷம். அதற்குள் நெல்லிக்காரி என் கையைப் பிடித்தாள். "அப்ப எங்க அம்மாவுக்கு?" என்றாள். "சும்மா வந்துச்சா அது?" நான் அந்த நெல்லிச் செடியைப் பார்த்தேன். அவள் கையை விட்டுவிட்டாள்.

ஜோஷுவா அண்ணன் ஃபைலைத் திறந்தார். "அப்ப தேவசித்தம்னு ஒண்ணும் இல்ல. பேருப் பலகையெல்லாம் சுவத்துல பதிச்சிரலாம், மரியாதையா இருக்கும். தைக்குள்ள பேவர் பிளாக். அந்தே, அவ்ளோதான்." கை தூக்கச் சொன்னார். போன வாரம்வரை இலை இலையாய் மருந்தடித்த கைகளெல்லாம் உயர்ந்தன. என்னைத் திட்டக்கூட யாருக்கும் மனமில்லை, பிரியாணி ஆறிவிடும் என்று கலைந்து போனார்கள்.

சௌந்தரி அக்கா மட்டும் போகவில்லை. நான் அவள் பக்கத்தில் போனேன். தோட்டம் போனாலும் இவளுக்கு ஒரு பாரத்தை இறக்கினோம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

"எனக்கோசரமா சொன்ன அத?" என்றாள்.

"ஆமாக்கா. அவங்க பேசினத கேட்டுக்கினு எப்படி…"

"உன்ன யாரு சொல்லச் சொன்னாங்க?" அவள் சத்தம் போடவில்லை. "அவரு போவும்போது ஒரு ஜெபம் இல்ல, ஒரு வசனம் இல்ல. அவர கர்த்தர் ஏத்துக்கினாரா இல்லியான்னு சொல்ல ஆளு இல்ல. அப்பறம் இந்த சீட்டு வந்துச்சி. எருக்குன்னு. திட்டுதான். ஆனா அவரப் பத்தி ஒரு வார்த்த சொல்லிட்டாருன்னு இருந்தேன். கர்த்தர் திட்டினா கர்த்தருக்கு அவர ஞாபகம் இருக்குதுன்னுதானே அர்த்தம்? நீ சொன்னியே, இதையும் நம்பி ஒரு உசுரு வருதுன்னு, அன்னிக்கு எனக்குப் புரிஞ்சிது கர்த்தர் ஏன் இத குடுத்தாருன்னு. இப்ப பழைய பேப்பருன்ற."

நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. வாட்ச்மேன் அறைப் பக்கம் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தோண்டு. வூட்டுக்கு எடுத்துனு போறேன்."

"எருக்கு வேரு ரொம்ப ஆழம்க்கா. பேத்தா பொழைக்காது."

"இங்க இருந்தா கல்லு வெப்பாங்க. தோண்டு."

பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தோண்ட ஆரம்பித்தேன். மண் இறுகிக் கிடந்தது. வேரில் இரும்பு பட்ட இடத்திலெல்லாம் பால் கசிந்து கையில் பிசுபிசுத்தது. அவள் மண்டியிட்டு, புழுக்கள் உதிராதபடி குச்சிகளை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். முழங்கை ஆழம் போயும் வேர் முடியவில்லை.

"அபி."

"சொல்லுங்கக்கா."

"அந்த சீட்டு எழுதும்போது யார நெனச்சி எழுதின?"

"யாரையும் நெனைக்கலக்கா. செடி பேர வரிசையா எழுதிக்கினு போனேன்."

"ஒருத்தரையுமா நெனைக்கல?" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு தோண்டினேன்.